பென்ஷன் காகிதத்தில் கிடக்கிறது பட்டாளத்துக் கதை

பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் பட்டாளத்துத் தாத்தா இல்லாத தெருவைக் காண்பது அரிது. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு ஒருவராவது சீருடை போட்டிருப்பார். "எங்க தாத்தா பர்மா சண்டைக்குப் போனவரு" என்று பேரன்கள் பெருமையாகச் சொல்வார்கள். எந்தப் படைப்பிரிவு என்று கேட்டால் இழுப்பார்கள். எந்த ஆண்டு சேர்ந்தார், எங்கே காயம்பட்டார், என்ன பதவியில் திரும்பினார் என்று கேட்டால் பேச்சே நின்றுவிடும். குடும்பத்தில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் இவ்வளவுதான்: பீரோவுக்குள் ஒரு மெடல், கோபம் வந்தால் தாத்தா இந்துஸ்தானியில் திட்டுவார் என்ற நினைவு, மாதம் பிறந்தால் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு கருவூலத்துக்குப் பென்ஷன் வாங்கப் போவார் என்ற நினைவு.

தேடக் கிளம்புகிறவர்கள் முதலில் மெடலைத்தான் கையில் எடுக்கிறார்கள். அதுவும் வீண்போகாது. இரண்டாம் உலகப்போரில் இந்தியப் படையினருக்குத் தரப்பட்ட மெடல்கள் பலவற்றின் விளிம்பில் படை எண், பெயர், பிரிவு ஆகியவை பொடி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். பொங்கலுக்குப் பொங்கல் புளி போட்டுத் தேய்த்தே அந்த எழுத்தை மழித்துவிட்ட வீடுகளும் உண்டு. ஆனால், மெடல் அதற்கு மேல் வாய் திறக்காது. தாத்தா யார் என்று சொல்லக்கூடியது பென்ஷன் காகிதம்தான். அதை யாரும் வரலாறாக நினைப்பதில்லை. பண விவகாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

போர் வரலாற்றில் சிப்பாய்க்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. படைப்பிரிவின் போர் நாட்குறிப்பில் அதிகாரிகள் பெயரோடு வருவார்கள். மற்றவர்கள் இத்தனை பேர் பலி, இத்தனை பேர் காயம் என்று எண்ணிக்கையாக வருவார்கள். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் கரையிறங்கித் தோற்றுத் திரும்பிய பிரிட்டிஷ் இந்தியப் படையில் 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியும் இருந்தது. அந்தத் தோல்விக்கு எந்தத் தளபதி காரணம் என்பதைப் பற்றி ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்கள். பாளையங்கோட்டைப் பெயர் தாங்கிய படையில் கடல் நீரில் இறங்கி நடந்தவர் யார் எவர் என்பது அந்தப் பக்கங்களுக்கு அவசியமாகப் படவில்லை.

செத்துப்போனவர்களுக்காவது கல் இருக்கிறது. அந்தக் கல்லிலும் பந்தி வஞ்சனை நடந்தது. மெசபடோமியப் போரில் மாண்ட 40,000-க்கும் மேற்பட்டோருக்காக எழுப்பப்பட்ட பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்களைப் பொறித்தார்கள்; சாதாரண இந்தியச் சிப்பாய்களை வெறும் எண்ணிக்கையாக எழுதி முடித்துக்கொண்டார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் அமைத்த குழுவே 2021-இல் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டது. நம் கிராமங்கள் சிலவற்றில், 1914–1919 போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரிழந்தார்கள் என்று சொல்லும் கல் நட்டிருக்கும். அதிலும் எண்தான். உயிரோடு ஊர் திரும்பியவருக்கோ அந்த எண்கூட மிஞ்சவில்லை. அவர் கையில் இருந்தது ஒரு டிஸ்சார்ஜ் சான்று. கொடுத்துவைத்தவராக இருந்தால் ஒரு பென்ஷன் புத்தகம்.

ஒருவருக்கு ஆயுசு முழுக்கப் பணம் தர வேண்டும் என்றதும் அரசுக்குச் சந்தேகம் பிடித்துக்கொள்கிறது. வந்து நிற்பவர் அவர்தானா? அவருக்குப் பின் வந்து நிற்கும் பெண் அவர் மனைவிதானா? இந்தச் சந்தேகத்தால்தான் உயரம், மச்சம், தழும்பு, விரல்ரேகை, அப்பா பெயர், கிராமம், தபால், தாலுகா எல்லாம் காகிதத்தில் ஏறுகின்றன. பணியில் இருக்கும்போதே திருமணம், குழந்தை பிறப்பு, இறப்பு எல்லாம் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவாகப் பதிவாகும். பிறப்புச் சான்று என்ற பேச்சே இல்லாத ஊரில் பிறந்த அத்தையின் பிறந்த தேதி பெங்களூரிலோ வெலிங்டனிலோ உள்ள படை ஆவண அலுவலகத்தில் ஒரு கட்டுக்குள் இருக்கும். பிறந்து சில மாதங்களில் இறந்துபோன, வீட்டில் யாரும் பேச்செடுக்காத ஒரு குழந்தையின் பெயரும் அதே கட்டில் இருக்கலாம்.

குடியாத்தம் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் அப்பாவின் டிஸ்சார்ஜ் சான்றை எனக்குக் காட்டினார். அப்பா 1941-இல் 'சாப்பர்ஸ்' என்ற ராணுவப் பொறியியல் பிரிவில் சேர்ந்து, போர் முடிந்து 1946-இல் ஆட்குறைப்பில் அனுப்பப்பட்டவர். தாள் நான்காக மடிந்து மடிப்பில் இற்றுப்போயிருந்தது. பின்புறம் யாரோ கல்யாணப் பத்திரிகையின் துண்டை வெட்டி ஒட்டியிருந்தார்கள், 'நிகழும் மங்களகரமான' வரை படிக்க முடிந்தது. முன்புறம் 'நடத்தை: நன்று' என்று ஒரு வரி. 'தொழில்: கொத்தர்' என்று இன்னொரு வரி. "எங்கப்பா வீட்ல ஒரு நாள்கூட கரண்டி பிடிச்சதில்ல சார். சுவர்ல ஓட்டை விழுந்தா ஆள் வெச்சுத்தான் பூசுவாரு" என்றார் ஆசிரியர். அடையாளம் என்ற இடத்தில் இடது புருவத்தின் மேல் தழும்பு என்று எழுதியிருந்தது. அது குண்டடியா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். பனைமரத்திலிருந்து விழுந்ததாம், பட்டாளத்துக்குப் போவதற்கு முன்னால்.

ஒற்றைத் தாளிலேயே இவ்வளவு கிடைக்கிறது என்றால், முழுக் கோப்பில் என்ன இருக்கும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். பென்ஷன் கோப்புகளை வரலாற்றுப் புதையலாகக் கொண்டாடத் தொடங்கிய நாடு அது. 1800-இல் வாஷிங்டனில் போர்த்துறை அலுவலகம் தீப்பிடித்ததில் அமெரிக்க விடுதலைப் போரின் ஆவணங்கள் பெருமளவு அழிந்தன. பிறகு 1832-இல் வந்த பென்ஷன் சட்டத்தின்படி, எழுபது எண்பது வயதுக் கிழவர்கள் உள்ளூர் நீதிமன்றத்தில் நின்று, எந்தத் தளபதிக்குக் கீழே, எந்த ஊர்களின் வழியாகப் போனோம் என்று நினைவிலிருந்து வாக்குமூலம் கொடுத்தார்கள். விதவைகள் திருமணத் தேதியை நிரூபிக்கக் குடும்ப பைபிளின் ஏட்டைக் கிழித்து அனுப்பினார்கள். கிழித்த ஏடுகள் இன்றும் அந்த நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சுமார் 80,000 கோப்புகள். எரிந்துபோன ஒரு போர், பென்ஷன் கேட்டவர்களின் வாயால் மறுபடி எழுதப்பட்டது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் கோப்புகள் இன்னும் அடர்த்தியானவை. 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உடற்குறை பணியின்போது நேர்ந்தது என்று நிரூபித்தால்தான் பென்ஷன். அதனால் அந்தக் கோப்புகளில் சண்டையைவிட நோய் அதிகம். முப்பாட்டனின் வீரத்தைத் தேடிப் போகிறவருக்கு முதலில் அகப்படுவது அவருடைய தீராத வயிற்றுப்போக்கும் மூலமும்தான். இதில் முகம் சுளிக்க எதுவும் இல்லை. அந்தப் போரில் குண்டுக்குப் பலியானவர்களைவிட நோய்க்குப் பலியானவர்களே அதிகம்.

ஹாரியட் டப்மனின் கோப்பு இதற்கு நல்ல சாட்சி. அடிமைத்தளையிலிருந்து தப்பி, பிறகு பலரைத் தப்புவித்தவர். உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்குச் செவிலியாகவும் ஒற்றராகவும் வேலை பார்த்தவர். உலகமே அறிந்த அந்தப் பெண்மணிக்கு முதலில் கிடைத்த பென்ஷன், நெல்சன் டேவிஸ் என்ற சிப்பாயின் விதவை என்ற வகையில்தான். அதற்கும் சிக்கல். கணவர் படையில் இருந்தபோது அவர் பெயர் நெல்சன் சார்ல்ஸ். இரண்டும் ஒருவரே என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 1890-இல் விண்ணப்பித்தவருக்கு 1895-இல்தான் மாதம் 8 டாலர் கிடைத்தது. அவர் செய்த சொந்தப் பணிக்கும் சேர்த்து 1899-இல் அது 20 டாலராக உயர்ந்தது. அதிலும் செவிலிப் பணியை ஏற்றார்கள், ஒற்றுப் பணியைக் கணக்கில் எடுக்கவில்லை.

தாலுகா அலுவலகத்தில் ஒரே நபர் சான்றுக்காக நின்ற நம் ஊர் விதவைகளுக்கு இது புதிதாகத் தெரியாது. படையில் சேரும்போது எழுத்தர் காதில் விழுந்தபடி முனுசாமி, முனிசாமி ஆவார். மனைவி குப்பம்மாள் ரேஷன் கார்டில் குப்பு. மாவட்டமும் மாறிவிட்டது, வட ஆற்காடு 1989-இல் இரண்டாகி, வேலூர் 2019-இல் மூன்றாகி, தாத்தா எழுதிக்கொடுத்த விலாசமே இன்று இல்லை. ஒவ்வொரு பிசகுக்கும் ஒரு பிரமாணப் பத்திரம், இரண்டு சாட்சி. அந்தப் பிரமாணப் பத்திரங்களும் சாட்சிகளும்தான் இன்னொரு தலைமுறைக்கு வம்ச விருட்சம்.

இந்தத் தேடலில் ஒரு கசப்பும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. இந்தக் கோப்புகள் சந்தேகத்தின் பேரில் எழுதப்பட்டவை. அமெரிக்காவில் 1882-ஆம் ஆண்டுச் சட்டம், விதவை வேறொருவருடன் வெளிப்படையாக வாழ்ந்தால் பென்ஷனை நிறுத்தச் சொன்னது. விசாரணை அதிகாரிகள் தெருத்தெருவாகப் போய், அந்த வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று அண்டை அயலாரிடம் கேட்டு எழுதினார்கள். அடிமைகளாக இருந்தவர்களுக்குத் திருமணப் பதிவே கிடையாது என்பதால், கறுப்பினச் சிப்பாய்களின் விதவைகள் பட்டபாடு இன்னும் அதிகம். அதே வாக்குமூலங்களில்தான், வேறெந்த ஏட்டிலும் இடம்பெறாத அடிமைக் குடும்பங்களின் கல்யாணமும் பிரிவும் பிள்ளைகளும் பதிவாகியிருக்கின்றன. அவமானப்படுத்திச் சேர்த்த தகவல் என்பதற்காக அதை எரித்துவிடலாமா? கூடாது என்பதே என் எண்ணம். சம்பந்தப்பட்டவர்கள் காலமாகி ஒரு தலைமுறை கடந்தபின் குடும்பத்தாருக்குத் திறந்துவிட வேண்டும். படிக்கப் போகிறவர்கள் மட்டும் கொஞ்சம் மனத்தைத் தயார்செய்துகொண்டு போக வேண்டும். ஜபல்பூரிலோ செகந்திராபாத்திலோ தாத்தாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்ததைப் பென்ஷன் வழக்கில்தான் பல வீடுகள் அறிந்துகொண்டன.

பென்ஷன் கோப்பின் ஆயுள் போரைவிட நீண்டது. உள்நாட்டுப் போரில் முதலில் தெற்குப் படையில் இருந்து, பிறகு அதைவிட்டு ஓடி வடக்குப் படையில் சேர்ந்த மோஸ் டிரிப்லெட் என்பவர், கிழவயதில் இரண்டாம் திருமணம் செய்து 1930-இல் ஒரு மகளைப் பெற்றார். ஐரீன் டிரிப்லெட் என்ற அந்த மகள், அப்பாவின் பணிக்காக மாதம் 73.13 டாலர் வாங்கிக்கொண்டு 2020 வரை வாழ்ந்தார். 1865-இல் முடிந்த போருக்கான கடைசிப் பென்ஷன் அது.

தீயைப் பற்றிச் சொன்னேன். 1800-உடன் அது முடியவில்லை. 1940 செப்டம்பரில் லண்டனில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் ஆர்ன்சைடு தெருக் கிடங்கு எரிந்து, முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பணிப் பதிவேடுகளில் சுமார் 60 சதவீதம் சாம்பலானது. இடைவெளியை ஓரளவு நிரப்பியது எது தெரியுமா? பென்ஷன் அமைச்சகத்திடம் இருந்த நகல்கள். 'எரியாத ஆவணங்கள்' என்றே அந்தத் தொகுப்புக்கு இன்று பெயர். அந்த நாட்டிலும் புத்தி சீக்கிரம் வந்துவிடவில்லை. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட முதல் உலகப்போர் பென்ஷன் அட்டைகளை வைத்திருக்க இடமில்லை என்று அழிக்கும் நிலை வந்தபோது, 2012-இல் ஒரு வரலாற்று ஆர்வலர் சங்கம் வாங்கிக் காப்பாற்றியது. அமெரிக்காவில் 1973 ஜூலை 12-இல் செயின்ட் லூயிஸ் ஆவண மையத்தில் பற்றிய தீ 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகளைத் தின்றது. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து வெளியேறியவர்களின் ஆவணங்களில் ஐந்தில் நான்கு பங்கு போயிற்று. முன்னாள் படைவீரர் நலத்துறையிடம் இருந்த உதவித்தொகைக் கோப்புகளை வைத்துத்தான் அவற்றில் பலவற்றைத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் நாட்டில் தீ வேண்டியதில்லை, விதியே போதும். தரைப்படையின் விதிமுறைப்படி, பென்ஷன் இல்லாமல் வெளியேறிய சிப்பாயின் பணி ஆவணங்களை 25 ஆண்டுகள் வைத்திருந்தால் போதும், பிறகு அழித்துவிடலாம். பென்ஷன்தாரரின் ஆவணங்களுக்குக் கூடுதல் காலம் உண்டு, நிரந்தரம் அல்ல. மிஞ்சுவது 'லாங் ரோல்' என்ற நீண்ட பேரேட்டில் ஒற்றை வரி: எண், பெயர், சேர்ந்த தேதி, போன தேதி.

இதன் பொருளைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டாம் உலகப்போரின் முடிவில் இந்தியப் படையில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். போர் முடிந்ததும் பெரும்பாலோர் சில ஆண்டுச் சேவையோடு அனுப்பப்பட்டார்கள். சிப்பாய்க்குப் பென்ஷன் வர 15 ஆண்டு சேவை வேண்டும் என்பதால் அவர்கள் கையில் கொஞ்சம் பணிக்கொடை மட்டுமே. ஆக, 1946-இல் வீடு திரும்பியவரின் ஆவணத்தை 1971-இல் கிழித்துப் போட விதி இடம்கொடுத்தது. பிற்பாடு, தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்கள் பென்ஷன் பெறாத உலகப்போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் மாத உதவித்தொகை தந்தன. நல்ல காரியம். ஆனால், எண்பது வயது மூதாட்டி அதை வாங்க என்ன கொண்டுவர வேண்டும்? டிஸ்சார்ஜ் சான்று. அரசு தன் பிரதியை அழித்துவிட்டது. கூரை வீட்டில், கறையான் புற்றுக்கும் ஐப்பசி மழைக்கும் நடுவில், கிழவி தன் பிரதியை அரை நூற்றாண்டு காப்பாற்றியிருக்க வேண்டும்!

குடியாத்தம் ஆசிரியருக்கும் அதுதான் நடந்தது. அப்பா பர்மாவுக்குப் போனாரா, போனால் என்ன கட்டினார் என்று அறியச் சம்பந்தப்பட்ட ஆவண அலுவலகத்துக்கு எழுதினார். சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் குறிப்பிட்டு, மற்ற ஆவணங்கள் காலக்கெடு முடிந்ததால் அழிக்கப்பட்டன என்று சுருக்கமாகப் பதில் வந்தது. இரண்டு தேதிகளும் அவரிடம் ஏற்கெனவே இருந்தவை.

1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம், 1892-க்கு முன் உருவான எந்த ஆவணத்தையும், உதவாத அளவுக்குச் சிதைந்திருந்தாலொழிய, அழிக்கக் கூடாது என்கிறது. விக்டோரியா மகாராணிக்குச் சேவகம் செய்த சிப்பாயின் காகிதத்துக்குப் பாதுகாப்பு உண்டு; 1962-இல் சீன எல்லையிலும், 1965-இல் பாகிஸ்தான் எல்லையிலும் நின்றவரின் காகிதத்துக்கு அது இல்லை. 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் போர் ஆவணங்களைத் திறப்பதற்கான ஒரு கொள்கையை வெளியிட்டது. அது பேசுவது போர் நாட்குறிப்பையும் நடவடிக்கைப் பதிவேட்டையும். அவில்தாரின் குடும்ப விவரக் கட்டு அந்தக் கவலைக்குள் வரவில்லை.

பஞ்சாப் நமக்குப் பாடம். முதல் உலகப்போர் முடிந்ததும் அந்த மாகாண அரசு ஊர்வாரியாகத் தொகுத்த பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு யாரும் திறக்காமல் கிடந்தன. சுமார் 26,000 பக்கங்கள், 3,20,000 பேர். பிரிட்டனில் உள்ள பஞ்சாபியர் அமைப்பொன்றும் கிரீனிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021 முதல் அவற்றை இணையத்தில் ஏற்றத் தொடங்கின. ஜலந்தர், லூதியானா, சியால்கோட் மாவட்டக்காரர்கள் தங்கள் கிராமத்தின் பெயரைத் தட்டிக் கொள்ளுத்தாத்தாவைக் கண்டெடுத்தார்கள். எல்லைக்கு இருபுறமும்.

நம் பக்கத்தில் தேட நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். முதல் வேலை படை எண்ணைப் பிடிப்பது. அது இல்லாமல் எந்த அலுவலகமும் அசையாது. மெடல் விளிம்பு, பென்ஷன் புத்தகம், பழைய மணியார்டர் துண்டு, கேன்டீன் அட்டை எதிலாவது இருக்கும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன்; சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு; பீரங்கிப்படை நாசிக் ரோடு; சிக்னல்ஸ் ஜபல்பூர். பென்ஷன் அனுமதி ஆணைகள் பிரிவினைக்கு முன் லாகூரிலிருந்தும், பின்னர் அலகாபாத்திலிருந்தும் வந்தவை. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடலாம்; 20 ஆண்டுகளுக்கு முந்தைய விஷயம் என்றால், தனிநபர் தகவல் என்று சொல்லி மறுக்க அந்தச் சட்டத்தின் 8(3) பிரிவு இடம்தரவில்லை என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். கும்பினி காலத்து மெட்ராஸ் ராணுவம் என்றால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் ராணுவத்துறைத் தொகுதிகள். லண்டனுக்கு எழுதிக் காத்திருப்பவர்கள் பலர். இந்தியச் சிப்பாய்களின் தனிநபர் ஆவணங்கள் பொதுவாக அங்கே போகவில்லை. மலேயா, பர்மாவில் நேதாஜியின் படையில் சேர்ந்தவர் என்றால் தியாகிகள் பென்ஷன் கோப்பைத் தேட வேண்டும். 1972-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சிறைவாசத்துக்கு ஆவணம் காட்ட முடியாதவர்கள் உடன் சிறையிருந்தவரின் சான்றை இணைத்தார்கள். தோட்டக் கூலிகளாகப் போய்ப் போர்வீரர்களான தமிழர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொடுத்த அந்தச் சான்றுகளைத் தொகுத்தாலே ஒரு தனி வரலாறு எழுதலாம்.

இப்போது பென்ஷன் முழுக்க 'ஸ்பர்ஷ்' என்ற கணினி முறைக்கு மாறிவிட்டது. கணினிக்குத் தேவை தொகை, வங்கிக் கணக்கு, ஆதார். தழும்பும் தாலுகாவும் இறந்த குழந்தையின் பெயரும் அதற்கு வேண்டாம். பழைய கட்டுகள் சுமையாகத் தெரியும் நேரம் இதுதான். பணி ஆவணங்களின் அழிப்புக் காலக்கெடுவை உடனே நிறுத்திவைக்க வேண்டும். மிச்சமிருப்பதைப் படம்பிடித்துத் தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்க வேண்டும். இது மத்திய அரசின் வேலை. மாநில அரசு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. நவம்பர் மாதம் வாழ்நாள் சான்று கொடுக்க வருகிற முதியவர்களும் விதவைகளும் மஞ்சள் பையில் டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை, பழைய புகைப்படம் எல்லாவற்றையும் கொண்டுவருகிறார்கள். எதைக் கேட்பார்களோ என்ற பயத்தில் வீட்டிலிருக்கும் அத்தனையையும் அள்ளிக்கொண்டுதான் வருகிறார்கள். அங்கே ஒரு மேசை போட்டு, ஒரு ஸ்கேனரும் வரலாறு படிக்கும் இரண்டு கல்லூரி மாணவர்களும் உட்கார்ந்தால், உரியவர் சம்மதத்தோடு அன்றைக்கே நகல் எடுத்து, காகிதத்தைக் கையோடு திருப்பிக் கொடுத்துவிடலாம். வேலூரில் தொடங்கலாம், இந்த நவம்பரிலேயே தொடங்கலாம்.